வெளிச்சுவரில் கல் ஒட்டுவதற்கு முன்

பெங்களூரு அல்சூர் பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புகிறவர்களிடம் எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்பு, பற்றிப் பேச்செடுத்தால், கர்நாடக சட்டமன்றக் கட்டிடமான விதான சௌதாவில் வந்து நிற்பார்கள். "1956-ல் முடித்த கட்டிடம், இன்னும் எப்படி நிற்கிறது பாருங்கள். இப்போது வரும் கல்லில் சத்தே இல்லை." முதல் தவறு இந்த ஒப்பீடுதான். பழைய கல் கட்டிடங்களில் பெரும்பாலும் கல்லேதான் சுவர். ஒன்றின்மேல் ஒன்றாகத் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். நாம் வாங்குவதோ 20 மில்லிமீட்டர் பலகை. அதே கிரானைட்டாக இருந்தாலும் பின்னால் எது பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆயுள்.

கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. விட்ரிஃபைடில் அரை சதவீதம்கூட இறங்காது. சிமெண்ட் பால் உள்ளே இறங்கினால்தானே பிடிக்கும்? இதில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சில மேஸ்திரிகள் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து அழுத்திவிடுவார்கள். இடையில் உள்ள பொள்ளலில் மழைநீர் தங்கும். மேற்குச் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்: மே மாதம் மதியமெல்லாம் வெயில், சாயங்காலம் இடிமழை. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கிப் பிடிப்பு விட்டுவிடும்.

பாலிமர் கலந்த டைல் பசையைப் பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் கழற்றி மறுபடி ஒட்டச் சொல்லலாம், மேஸ்திரி முறைத்தாலும் சரி. கனமான கல் உயரத்துக்குப் போகிறதென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் வேண்டும். சாதா இரும்பு துருப்பிடித்து வீங்கி, கல்லையே பிளக்கும். கோடு தெரியக் கூடாதென்று இடைவெளியே விடாமல் ஒட்டச் சொல்வது நம் பக்கத் தவறு; சூட்டில் விரிய இடம் வேண்டும்.

கடை முகப்புக்கு ஏசிபி என்கிற அலுமினியக் கூட்டுப் பலகை போடுகிறவர்கள் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். 4 மில்லிமீட்டர் பலகையில் அலுமினியம் இருபுறமும் மெல்லிய தகடுதான். நடுவில் இருப்பது வெறும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்றால் அது எரியும். 2017-ல் 72 உயிர்களைப் பறித்த லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ வெளிச்சுவர் வழியே அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம் அந்த வகைப் பலகைதான். தீ தாங்கும் தாது நிரப்பிய வகையைக் கேளுங்கள், விலை கூடத்தான் செய்யும்.

இடிக்காமல் வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அறைப் பக்கம் உப்பு பூத்து, பெயின்ட் உரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. டைல்ஸ் ஆசையை காம்பவுண்டு சுவரில் தீர்த்துக்கொள்ளலாம்.