தோற்றாலும் கணக்கு கொடுக்க வேண்டும்: வேட்பாளரின் செலவுப் பதிவேட்டை எழுதும் முறை

வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் சுயேச்சை வேட்பாளர்களுக்குச் செலவுக் கணக்கு எழுதியிருக்கிறேன். இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்தது ஒரு கோபம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி தேர்தலில் நின்று டெபாசிட்டை இழந்தார். அவர் செய்த செலவு ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. தோற்றவனிடம் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று பதிவேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டார். நோட்டீஸ் வந்தது, அதற்கும் பதில் எழுதவில்லை. மூன்று ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தேர்தல் ஆணையம் அவரைத் தகுதி நீக்கம் செய்தது. எடுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

செலவு உச்சவரம்பை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்று 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். சிறிய வேட்பாளர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார். அவரைக் கவிழ்ப்பது எழுதாத கணக்கும் தாமதமான கணக்கும்தான்.

வேட்புமனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே, தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். வேட்பாளர் பெயரில் மட்டும் தொடங்கலாம். தேர்தல் முகவரோடு கூட்டாகவும் தொடங்கலாம். முகவராக இல்லாத மனைவியையோ அண்ணனையோ அதில் சேர்க்கக் கூடாது. சொந்தப் பணமானாலும் நண்பர் தரும் நன்கொடையானாலும் முதலில் இந்தக் கணக்கில் விழ வேண்டும். செலவு அதிலிருந்தே போக வேண்டும். ஒருவருக்கோ ஒரு கடைக்கோ தேர்தல் முடியும்வரை ரொக்கமாக மொத்தம் 10,000 ரூபாய்தான் தரலாம். அதற்குமேல் காசோலை அல்லது வங்கிவழிப் பரிமாற்றம். ரொக்க நன்கொடைக்கும் அதே 10,000தான் எல்லை. வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம், சட்டம் தடுத்திருக்கிறது. வண்டியில் போகும்போது 50,000 ரூபாய்க்குமேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும்.

தேர்தல் அலுவலர் கொடுக்கும் பதிவேட்டில் மூன்று நிறத் தாள்கள் இருக்கும். வெள்ளையில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. இரவு எத்தனை மணியானாலும் அன்றைய வரவு செலவை எழுதாமல் நான் படுத்ததில்லை. என்ன செலவு, எவ்வளவு, யாருக்கு, கொடுத்தாயிற்றா பாக்கியா, வவுச்சர் எண் என்ன. பிரசாரத்துக்குப் போன பையன்கள் நள்ளிரவில் வந்து “அக்கா, டீ கொஞ்சம் குடித்தோம்” என்பார்கள். கொஞ்சம் என்பது கணக்கில் ஏறாது. எத்தனை பேர், எந்தக் கடை, ரசீது எங்கே என்று கேட்டு வாங்கி, வரிசை எண் போட்டு ஒட்டிய பிறகுதான் சாப்பிட விடுவேன்.

வேட்புமனு தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை, அந்த இரண்டு நாட்களும் சேர்த்து, ஆகும் செலவெல்லாம் கணக்கில் வரும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவு. முன்பே அச்சடித்து வைத்த துண்டறிக்கையை மனுவுக்குப் பிறகு விநியோகித்தால் அதுவும் செலவுதான். அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் இல்லாத துண்டறிக்கையைத் தொடவே தொடாதீர்கள். 127ஏ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு.

இலவசமாக வந்ததை எழுதாமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு வாடகை நாற்காலி 150 போட்டிருந்தோம், எழுதினேன். பக்கத்து மண்டபத்துக்காரர் அன்போடு இன்னும் 50 அனுப்பியிருந்தார். காசு கொடுக்காததால் எழுதவில்லை. பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைத் தேர்தல் செலவுப் பார்வையாளரின் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதிகாரிகள் பக்கம், வேட்பாளரின் செலவை அவர்களே தனியாகக் குறித்து வைக்கும் நிழல் பதிவேடு ஒன்று இருக்கும். அவர்களுடைய வீடியோக் குழு எடுத்த படத்தில் 200 நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. மாவட்டத்தில் நிர்ணயித்த வாடகைப்படி அந்த 50 நாற்காலிக்கும் மதிப்புப் போட்டு, பொருளாக வந்த உதவி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றிலிருந்து கூட்டம் தொடங்குமுன் நாற்காலி, மின்விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் நானே எண்ணுகிறேன்.

கட்சி வேட்பாளருக்குச் சற்று வேறு. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு கட்சியைச் சேரும். ஆனால் அவரோடு வேட்பாளர் மேடையேறினால் அந்தக் கூட்டச் செலவில் பங்கு வேட்பாளர் தலையில் விழும். கட்சியின் பொதுச் செலவுக்கோ வரம்பே கிடையாது. ஒரு வேட்பாளருக்கென்று கட்சி செய்யும் செலவை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாமல் செய்தார்கள். டீ ரசீதுக்கு அலைபவளுக்கு இது வலிக்கத்தான் செய்கிறது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

முடிவு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேர வேண்டும். வென்றவர், தோற்றவர், போட்டியின்றித் தேர்வானவர் எல்லோருக்கும் இதே விதிதான். பதிவேடு, வவுச்சர்கள், வங்கி அறிக்கை, சுருக்க அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றில் வேட்பாளரின் கையெழுத்து விட்டுப்போகவில்லையே என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். 26ஆம் நாள் நடக்கும் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். விட்டுப்போனதைத் திருத்த அதுவே கடைசி வாய்ப்பு. கொடுத்த பின் அந்தக் கணக்கை ஒரு ரூபாய்க் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம்.

கணக்கைக் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நான் அதில் இரண்டு நகல் எடுப்பேன். ஒன்று வேட்பாளர் வீட்டுக்கு. இன்னொன்று என் பீரோவில் இருக்கும்.