ரோடு பைக் எடையைக் குறைக்கணுமா, முதல்ல ஒரு தராசு வாங்குங்க

ரோடு பைக்னா இங்க மெல்லிசான டயர் வச்ச, வேகமா ஓட்டுற சைக்கிள். அதோட எடையைக் குறைக்கணும்னு தோணுன உடனே நிறைய பேர் பண்றது, கார்பன்னு எழுதியிருக்கிற எதையாவது ஒண்ணை வாங்கிடுறதுதான். நானும் முதல்ல வாங்குனது கார்பன் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்குற குழாய். பழசையும் புதுசையும் தராசுல வச்சுப் பாத்தா வித்தியாசம் 60 கிராம் சொச்சம், அதே காசுக்கு ரெண்டு டயர், ரெண்டு டியூப் மாத்தியிருந்தா 350 கிராம் போயிருக்கும். அதனால முதல் வேலை பார்ட் வாங்குறது இல்ல, சமையலறைத் தராசு ஒண்ணு எடுத்து வச்சுக்கிறது. கழட்ட முடிஞ்சதை எல்லாம் கழட்டி எடை போட்டு ஒரு பேப்பர்ல எழுதுங்க, புதுசா வாங்கப் போறதோட எடையைப் பக்கத்துல எழுதுங்க, விலையைக் குறையப் போற கிராமால வகுங்க. எதுல ஒரு கிராமுக்கு ரொம்பக் கம்மியா காசு போகுதோ அதுல ஆரம்பிங்க, அவ்வளவுதான் கணக்கு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்னும் தெரிஞ்சுக்கணும். ஓட்டுறவர் 75 கிலோ, சைக்கிள் 9 கிலோ, மொத்தம் 84. அதுல 1 கிலோ குறைச்சா 1.2 சதவீதம், அதாவது அரை மணி நேரம் ஏறுற மலையில சுமார் 20 விநாடி மிச்சம். சமதளத்துல காத்துதான் பெரிய எதிரி, அங்க இந்த 1 கிலோ கண்ணுலயே தெரியாது. ஆனா ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கும்போதும், மாடிப்படியில தூக்கிட்டுப் போகும்போதும் வித்தியாசம் நல்லாவே தெரியும், அந்த சந்தோஷத்துக்காகவே செய்யலாம்னு நான் சொல்வேன். யுசிஐன்னு சொல்ற உலக சைக்கிள் சங்கத்தோட ரேஸ்லயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ இருந்தா விடமாட்டாங்க, அந்த நம்பரைத் துரத்திட்டுப் போனா பர்ஸ் காலியாகிடும். 10 கிலோ சைக்கிளை 9க்குக் கொண்டு வர்றதுதான் நம்ம பட்ஜெட்டுக்கு சரியான இலக்கு.

சரி, டயர். கம்மி விலை ரோடு பைக்ல பெரும்பாலும் கம்பி வச்ச டயர்தான் வரும், 25 மில்லிமீட்டர் சைஸ்ல ஒண்ணு 350 கிராம் கிட்ட இருக்கும். கழட்டி வச்சாலும் வளையமாவே நிக்கும். ஃபோல்டிங் டயர்ல ஓரத்துல எஃகுக் கம்பிக்குப் பதிலா அராமிட்னு ஒரு வலுவான செயற்கை நார் இருக்கும், சுருட்டுனா ஒரு கைக்குள்ள அடங்கிடும், எடை 220, 230 கிராம்தான். எடையை விடவும் இங்க பெரிய லாபம், நல்ல டயர் தரையில உருள்றதே லேசா இருக்கும், அது சமதளத்துலயும் தெரியும். டியூபும் அதே மாதிரி, சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராமுக்கு மேல, டிபியுன்னு சொல்ற மெல்லிசான பிளாஸ்டிக் டியூப் 40 கிராமுக்குள்ள. நாலையும் சேர்த்தா 350 கிராமுக்கு மேல குறையுது, அதுவும் வீட்டுல உக்காந்து ரெண்டு டயர் லிவரை (டயரை நெம்புற சின்னக் கட்டை) வச்சே முடிச்சிடலாம்.

மாட்டும்போது மட்டும் பொறுமை வேணும். புது ஃபோல்டிங் டயர் கடைசி ஒரு சாண் அளவு ஏறவே ஏறாது, அங்க லிவரை விட்டு நெம்புனா டிபியு டியூப் கிழிஞ்சுடும். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு வால்வுல முடிங்க, ஏத்துன பகுதியை ரெண்டு கையாலயும் அமுக்கி ரிம் நடுவுல இருக்கிற பள்ளத்துக்குள்ள தள்ளிட்டே வாங்க, அப்பத்தான் கடைசில கொஞ்சம் தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலயே ஏத்திடலாம். டிபியு டியூபை வெளிய வச்சு ஊதிப் பாக்காதீங்க, உருவம் வர்ற அளவுக்குக் கொஞ்சம் காத்து போதும், மேல போனா அப்படியே விரிஞ்சுடும். பஞ்சருக்கு அதுக்குன்னு வர்ற பேட்ச்தான் ஒட்டும். ரிம் பிரேக் வச்சிருக்கவங்க டியூப் பாக்கெட்டைப் படிச்சுட்டு வாங்குங்க, நீளமான இறக்கத்துல ரிம் சூடாகும், சில டியூப் அதுக்கு ஆகாது.

அடுத்தது வீல்செட், அதாவது முன் பின் வீல் ஜோடி, காசு அதிகம், குறையிறதும் அதிகம். சைக்கிளோட வர்ற வீல் ஜோடி 2 கிலோ கிட்ட இருக்கும், நல்ல அலாய் (அலுமினியக் கலவை) வீல்செட் 1,500, 1,600 கிராம்ல கிடைக்கும். கார்பன் வேண்டாம், இந்த பட்ஜெட்ல கார்பன் வீல் தேடுனா தரம் தெரியாத எதையோதான் வாங்குவோம். வீல்ல ஒரு கிராம் ஃபிரேம்ல ரெண்டு கிராமுக்கு சமம்னு சொல்வாங்க, அது வேகம் எடுக்கும்போது மட்டும் ஓரளவு உண்மை, ஒரே வேகத்துல ஏறும்போது கிராம் எங்க இருந்தாலும் கிராம்தான். வாங்குறதுக்கு முன்னாடி ரிம் பிரேக்கா டிஸ்க்கா, ஆக்சில் (வீலோட அச்சு) எந்த வகை, ஃப்ரீஹப் (பின் வீல்ல கேசட் மாட்டுற பகுதி) உங்க கேசட்டுக்கு, அதாவது பின்னாடி இருக்கிற பல்சக்கர அடுக்குக்குப் பொருந்துமான்னு மூணையும் பாருங்க. ஷிமானோ கம்பெனியோட 11 ஸ்பீடு ஃப்ரீஹப்ல 8, 9 ஸ்பீடு கேசட் போடணும்னா 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்புற வளையம்) ஒண்ணு பின்னாடி போடணும், இல்லன்னா கேசட் ஆடும். பழைய வீல் வாங்குனாலும் தப்பில்ல, சுத்தி விட்டு ஆட்டம் இருக்கான்னு பாருங்க, பிரேக் படுற இடத்துல ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வச்சுப் பாருங்க, நடுவுல குழி விழுந்திருந்தா ரிம் தேய்ஞ்சு போச்சு, தொடவே தொடாதீங்க.

பெடல் மாட்டுற கை, அதாவது கிராங்க், நிறைய பேர் மறந்துடுற இடம். ஸ்குயர் டேப்பர் (சதுர முனை அச்சுல மாட்டுற) கிராங்கும் அதோட பாட்டம் பிராக்கெட்டும் (கிராங்க் சுத்துற பேரிங் பகுதி) சேர்ந்து நல்ல கனம், செகண்ட் ஹேண்ட்ல ஷிமானோவோட 105 மாடல் கிராங்க் ஒண்ணு கிடைச்சா 300 கிராம் வரைக்கும் போகும். ஃபிரேம்ல பாட்டம் பிராக்கெட் மரை போட்டதா அழுத்திப் பொருத்துறதான்னு பாத்துட்டுதான் வாங்கணும்.

சேடில், அதாவது சீட், மாத்துனா 100 கிராம் ஈசியா குறையும், ஆனா இப்ப இருக்கிறதுல மூணு மணி நேரம் வலியில்லாம உக்கார முடியுதுன்னா அதை விட்டுடுங்க. கேசட், ஹேண்டில்பார், அதைப் பிடிச்சு நிறுத்துற ஸ்டெம் எல்லாம் காசுக்கு ஏத்த கிராம் குறையாது, தேய்ஞ்சு மாத்த வேண்டி வரும்போது பாத்துக்கலாம்.

இதை மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. ஸ்டெம்லயும் பிரேக்லயும் அலுமினியம் போல்ட் போடாதீங்க, பத்து கிராமுக்காகப் பல்லை அடகு வைக்கிற வேலை. பழைய கார்பன் ஃபோர்க்கும் (முன் வீலைத் தாங்குற கவை) ஹேண்டில்பாரும் வேண்டாம், உள்ள விரிசல் இருந்தாலும் வெளிய தெரியாது. கார்பன் எதை மாட்டுனாலும் வழுக்காம இருக்கிறதுக்கான கார்பன் பேஸ்ட் தடவி, முறுக்குற அளவைக் காட்டுற டார்க் ரென்ச்சாலதான் முறுக்கணும், எவ்வளவுன்னு பார்ட் மேலயே எழுதியிருக்கும், ஸ்டெம் போல்ட் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான். கைக்கணக்குல முறுக்கி ஒரு சீட் போஸ்ட்ல கீறல் மாதிரி விரிசல் வந்ததை நான் பாத்திருக்கேன், தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

கழட்டுன வீலையும் கம்பி டயரையும் மட்டும் வித்துடாதீங்க. மழைக்கும் மோசமான ரோட்டுக்கும் அதை மாட்டிக்கலாம், புது டயர் இன்னும் ரொம்ப நாள் வரும்.