விவாகரத்து ஆணைக்காக ஹோம் அஃபேர்ஸ் வரிசையில் நிற்காதீர்கள்

டர்பன் பக்கத்தில் நம் தமிழ் ஆட்களில் யாருக்காவது பழைய விவாகரத்துப் பத்திரத்தின் நகல் வேண்டுமென்றால், முதலில் போய் நிற்கிற இடம் ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகம்தான். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் அங்கேதான் சான்றிதழ் வாங்குகிறோம், இதுவும் அங்கேதான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் விவாகரத்து கொடுப்பது நீதிமன்றம். ஆணை இருப்பதும் அந்த நீதிமன்றத்தின் ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது பதிவாளரிடம். ஹோம் அஃபேர்ஸ் தன்னுடைய மக்கள் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே விவாகரத்தானவர் என்று குறித்துக்கொள்ளும், அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் கிடையாது. விடியற்காலையிலேயே போய், முட்டி வலியோடு மத்தியானம் வரை நின்று, கவுன்டரில் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்புகிற வயதான அம்மாக்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, கோர்ட் என்றால் எந்தக் கோர்ட்? இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். டர்பன் இருக்கிற குவாசுலு-நடால் மாகாணத்தில் உயர் நீதிமன்றம் இரண்டு ஊரில் இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒன்று, டர்பனில் ஒன்று. ஓர் ஊரில் முடிந்த வழக்கின் காகிதக் கட்டை இன்னோர் ஊரில் தேடிப் பயனில்லை. பழைய ஆணைகளில் உயர் நீதிமன்றம் என்று இருக்காது, தென்னாப்பிரிக்க சுப்ரீம் கோர்ட், நடால் மாகாணப் பிரிவு என்றோ, டர்பன் மற்றும் கடற்கரைப் பிரிவு என்றோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு புளூம்ஃபொன்டைனில் இருக்கிற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுத வேண்டாம். அன்றைக்கு சுப்ரீம் கோர்ட் என்று பெயர் இருந்ததுதான் இன்றைய உயர் நீதிமன்றம். மாகாணப் பிரிவு என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், கடற்கரைப் பிரிவு என்றால் டர்பன்.

2010 ஆகஸ்டுக்குப் பிறகு பிராந்திய மாஜிஸ்டிரேட் நீதிமன்றங்களும் விவாகரத்து வழக்கை எடுக்கத் தொடங்கின. செலவு குறைவு என்பதால் நிறையப் பேர் அங்கேதான் முடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் தனியாக விவாகரத்து நீதிமன்றங்கள் என்று இருந்தன. கறுப்பின மக்களுக்கு மட்டும் என்று வெள்ளையராட்சியில் அமைத்தவை, 1990களின் கடைசியில்தான் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் விவாகரத்தான நம் ஆட்களின் கட்டு உயர் நீதிமன்றத்தில் இல்லையென்றால், பயந்துவிடாமல் பிராந்திய நீதிமன்றத்தில் அந்தப் பழைய பதிவுகளைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம் ஜீவனாம்சம். பிள்ளைகளுக்கான பணம் கேட்டு சாட்ஸ்வொர்த் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு, விவாகரத்தும் அங்கேதான் நடந்தது என்று நினைவில் பதிந்துபோகும். அது வேறு கட்டு, வேறு நம்பர். ஆனாலும் அந்த ஜீவனாம்சக் கட்டைத் தள்ளிவிடாதீர்கள். பல சமயம் அதற்குள்ளேயே விவாகரத்து ஆணையின் நகல் ஒன்று கிடக்கும், அதன் தலையில் கேஸ் நம்பரும் இருக்கும்.

கேஸ் நம்பர் இல்லாமல் போவதுதான் பெரிய தவறு. நம்பரோடு ஒரு வருடமும் சேர்ந்திருக்கும், அந்த வருடம் வழக்கு தொடுத்த வருடம். 1997இல் விவாகரத்து ஆனது என்று நீங்கள் சொல்ல, அவர்கள் 1997ஆம் வருடப் பதிவேட்டைப் புரட்டி, இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். வழக்கோ 1996இலோ 1995இலோ போட்டதாக இருக்கும். முந்தைய இரண்டு மூன்று வருடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால் பழைய வக்கீலின் கடிதங்கள், வீட்டுப் பத்திரம், ஓய்வூதியக் காகிதங்கள், எதிலாவது அது ஒட்டிக்கொண்டிருக்கும். வக்கீல் அலுவலகத்திலும் கேளுங்கள், ஆனால் அவர்கள் காலம் முழுக்கக் கட்டுகளை வைத்திருப்பதில்லை.

அப்புறம் பெயர். நம் பெயர்களை, முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த காலத்திலிருந்தே குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் மூட்லி, தம்பி முதலி. நாயுடு என்பதற்கும் பிள்ளை என்பதற்கும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று வடிவம். அடையாள அட்டையில் இன்று இருக்கிற எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் கிடைக்காமல் போகலாம். கல்யாணச் சான்றிதழில் இருக்கிற எழுத்துதான் வழக்கிலும் இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் கொண்டுபோங்கள். வழக்குப் போட்டவர் பெயர்தான் முதலில் வரும் என்பதால், உங்கள் பெயரில் அகப்படாவிட்டால் முன்னாள் கணவர் அல்லது மனைவி பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.

கட்டு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மேல் தாளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த ஒரு பக்கத்தில் திருமணம் கலைக்கப்படுகிறது என்பது மட்டும் இருக்கும். வீடு யாருக்கு, பிள்ளைகள் யாரிடம், ஓய்வூதியத்தில் எவ்வளவு பங்கு என்பதெல்லாம் பின்னால் கோத்திருக்கிற ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதையும் நீதிமன்றம் ஆணையாக்கியிருக்கும். தனியார் ஓய்வூதிய நிதிகளில் பங்கை உடனே பிரித்து வாங்கலாம் என்ற சட்டத் திருத்தம் 2007இல் வந்தது, அரசு ஊழியர் நிதியில் 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஆட்களில் ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய முன்னாள் மனைவிக்கோ கணவருக்கோ சேர வேண்டிய பணம் அந்தப் பின்பக்கங்களை நம்பித்தான் இருக்கிறது. எந்த நிதி என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் நிதியத்தார் கொடுக்க மாட்டார்கள், திருத்தி வாங்க மறுபடி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஒரு தாள் விடாமல் வாங்குங்கள்.

முத்திரையிலும் கவனம் தேவை. வீட்டில் இருக்கிற ஜெராக்ஸை போலீஸ் ஸ்டேஷனில் காட்டி முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சில வேலைகளுக்கு அது போதும். ஆனால் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறவர்களுக்கு அப்போஸ்டில், அதாவது காகிதம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று, தேவைப்பட்டால் போலீஸ் முத்திரை செல்லாது. ரெஜிஸ்ட்ரார் கையெழுத்தும் கோர்ட் சீலும் உள்ள பிரதி வேண்டும், அதை வைத்துத்தான் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையிலோ உயர் நீதிமன்றத்திலோ அப்போஸ்டில் போடுவார்கள். கோர்ட்டுக்கு ஒரு தடவை போகும்போதே சீல் வைத்த பிரதி இரண்டு கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் போனால் அவர்கள் கையெழுத்திட்ட கடிதமும், இரண்டு பேர் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கோவிலில் மட்டும் தாலி கட்டி, அரசில் பதியாமல் வாழ்ந்து பிரிந்தவர்களும் நம்மிடம் உண்டு. 1961ஆம் வருடத் திருமணச் சட்டப்படி பதிவு இல்லையென்றால் பெரும்பாலும் விவாகரத்துக் கட்டு என்று ஒன்றே இருக்காது. தேடித் தேடி நொந்துபோவதற்கு முன் திருமணம் பதிவானதா என்பதைப் பாருங்கள், இதற்கு மட்டும் ஹோம் அஃபேர்ஸ்தான் சரியான இடம். தாலி எடுத்துக் கொடுத்த குருக்களே திருமணப் பதிவு அதிகாரியாகவும் இருந்து, உங்களுக்கே தெரியாமல் பதிவாகியிருப்பதும் உண்டு.

தரகர்கள் விஷயம். நேரில் போக வேண்டாம், நாங்களே வாங்கித் தருகிறோம் என்பவர்கள் கொடுக்கிற தாளில் இருக்கிற நம்பரை நீதிமன்றத்தில் காட்டி, அப்படி ஒரு வழக்கு உண்டா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். போலி ஆணைகள் இந்த நாட்டில் நடமாடுகின்றன. ஆணை போலி என்றால் சட்டத்தின் முன் நீங்கள் இன்னும் கல்யாணமானவர்.

நகல் கைக்கு வந்ததும் இப்போது ஹோம் அஃபேர்ஸுக்குப் போகலாம். கோர்ட் தானாகத் தெரிவித்திருக்கும் என்று விட்டுவிட்டவர்களில் பலர் பதிவேட்டில் இன்னும் கல்யாணமானவர்களாகவே இருக்கிறார்கள். மறுமணம் செய்யப் போகும்போது ஆணையைக் கேட்பார்கள், அது பரவாயில்லை, ஆள் உயிரோடு இருக்கிறார். பதிவைத் திருத்தாமலே ஒருவர் இறந்துவிட்டால் இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற மாஸ்டர் அலுவலகத்தில் சொத்துக் கணக்குக் கொடுக்கும் பிள்ளைகள், பிரிந்துபோன அந்த மனிதர் வாரிசு இல்லை என்று காட்ட இதே கட்டைத் தேடி முதலிலிருந்து அலைய வேண்டும். ஆணையைக் கொண்டுபோய் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். பழைய குடும்பப் பெயருக்குத் திரும்ப நினைக்கிற பெண்கள் அதையும் அதே வருகையில் கேட்டுவிடலாம்.