பழைய மில்லுக் காணி எடுக்கப் போறியளோ, முதல் கறண்டையும் தண்ணியையும் பாருங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சண்டையோட பாழடைஞ்சு போன மில்லுக் காணி, ஐஸ் பக்டரிக் காணியை லீசுக்கு எடுத்து ஏதும் தொடங்குவம் எண்டு கன பேர் நினைக்கினம், ஆனா போய்ப் பாக்கிறது சுவரையும் கூரையையும்தான். சுவர் பிறகும் கட்டலாம்.

முதல் கறண்ட். றோட்டுக்கரையால 33,000 வோல்ற் லைன் போகுது பாருங்கோ எண்டு புரோக்கர் கையை நீட்டுவார், அதில நேர கொழுவேலாது, இடையில ட்ரான்ஸ்போமர் வேணும், கிட்ட இருக்கிற ட்ரான்ஸ்போமரில இடமிருக்கோ எண்டதை மின்சார சபைக் கந்தோரில கேட்டாத்தான் தெரியும். உங்கட மொத்தக் கறண்டுத் தேவை 42 கேவிஏக்குள்ள (கேவிஏ எண்டது கறண்டுச் சுமையை அளக்கிற அலகு) நிண்டா சாதாரண த்ரீ பேஸ் இணைப்பு, 60 அம்பியர் வரை கிடைக்கும். தாண்டினா பல்க் சப்ளை, அதாவது கூடக் கறண்ட் எடுக்கிறவைக்கான இணைப்பு, அது வேற கட்டணம், வேற செலவு. அதனால மெசின் லிஸ்ட்டை முதலே எழுதுங்கோ. 10 எச்பி மோட்டர் ஓடேக்க 15 அம்பியர் அளவிலதான் இழுக்கும், ஆனா நேர ஸ்டார்ட் பண்ணினா அந்தக் கணம் ஆறு மடங்கு வரை ஏறும், பக்கத்து வீட்டு லைற் மங்கும், சனம் சண்டைக்கு வரும். தொடக்கத்தில இழுக்கிற கறண்டைக் குறைக்கிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போடுங்கோ. பழைய மீற்றர்க் கணக்கில நிலுவை கிடக்கோ எண்டும் அங்கயே கேளுங்கோ. இணைப்புச் செலவுக்கு மின்சார சபை தாற எஸ்டிமேற் கையில வரமுதல் காணிக்கு அட்வான்ஸ் குடுக்கவே வேண்டாம்.

பழைய எர்த் கம்பியை நம்பாதேங்கோ, செம்பெண்டா எப்பவோ கழட்டி வித்திருப்பாங்கள், புதுசா அடிச்சு அளவு பாக்கோணும். கைவிட்ட ட்ரான்ஸ்போமர் மூலையில கிடந்தா ஒயிலை ஊத்தவோ எரிக்கவோ வேண்டாம், பழையதுகளில பிசிபி எண்ட நஞ்சு இருக்கலாம். அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்காமல், தண்ணி தெளிச்சு நனைச்சு முழுசா இறக்குங்கோ.

மண் விசயம் காணிக்குக் காணி வித்தியாசம். நெல்லு மில்லெண்டா பெரிய பயமில்லை. பரந்தன் கெமிக்கல்ஸ் மாதிரி 50களில வந்து, உப்புத் தண்ணிக்குள்ள கறண்ட் விட்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடமெண்டா கதை வேற. அந்தக் காலத்தில உலகத்தில கன கோஸ்டிக் பக்டரியளில பாதரசம் பாவிச்சவை, ஆனபடியா அப்பிடியான காணிக்குக் கிட்ட எண்டா மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் லாப்பில குடுத்துப் பாக்காமல் சாப்பாட்டுச் சாமான் தொழில் தொடங்கவே கூடாது. ஆனையிறவுப் பக்கம் எண்டா உப்பையும் பாருங்கோ, பொயிலருக்கு உப்புத்தண்ணி சரிவராது.

கண்ணிவெடி எடுத்த பத்திரம் இருக்கோ எண்டு பிரதேச செயலகத்தில கேளுங்கோ. பத்தைக்குள்ள ஏதும் இரும்பு தெரிஞ்சா கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. விதானையாரிட்ட காணி உறுதி உள்ள சொந்தக் காணியோ அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியோ எண்டும் கேட்டுவைக்கோணும், பெர்மிட் காணியை நினைச்ச மாதிரிக் கைமாத்தேலாது.

கடைசியா, கார்த்திகை மார்கழி மழைக்க ஒருக்காப் போய் நில்லுங்கோ. கோடையில பாத்தா எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான், மழைக்கத்தான் றோட்டு மதகு அடைச்சிருக்கிறதும் வெள்ளம் மோட்டர் பூட்டுற அடித்தள மட்டத்துக்கு ஏறுறதும் தெரியும்.