பழைய ஜரிகையை விற்கும் முன் ஓர் இழையை உருவிப் பாருங்கள்

பாட்டியின் கசவு நேரியலையோ (ஜரிகைக் கரை போட்ட மேல்துணி) கல்யாணப் பட்டுப் புடவையையோ பழைய ஜரிகை வாங்க வருபவரிடம் கொடுக்கும் முன், ஓரத்தில் பிசிறு விட்ட ஓர் இழையை உருவி, நகத்தால் சுற்றைப் பிரித்து, அந்தக் கம்பியை ஊசிமுனையால் அழுத்திச் சுரண்டுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது, முலாம் போனால் வெள்ளை தெரியும். கம்பியே சிவந்து தெரிந்தால் உள்ளே செம்பு, அதற்கு வெள்ளி விலை கிடைக்காது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த நம் குமரி மாவட்டத்து வீடுகளில் இந்த நேரியல்கள் பெட்டியடியில் இன்னும் கிடக்கின்றன, கறுத்துப்போச்சு என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள், வெள்ளியும் கறுக்கும். பிளாஸ்டிக் ஜரிகைக்கு இந்தச் சோதனை வேண்டாம், அதில் கம்பியே கிடையாது. அப்புறம், கரை முழுசாக நல்லபடி இருக்கும் துணியில் நடுவிலிருந்து இழை உருவவே கூடாது.