'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? பொருளைப் பிடிக்கும் வழி

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்களை அதிகம் குழப்புவது நீளமான சொற்கள் அல்ல, 'ரன்' போன்ற குட்டிச் சொற்கள்தான். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'செட்' என்ற சொல்லின் பதிவே மிக நீளமானது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள்! அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாக்கியத்தைப் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்கப் பழகினால் போதும்.

படி 1: ஓடுவது யார், எது?

முதலில் எழுவாயைப் பாருங்கள். ஆள் என்றால் பெரும்பாலும் கால்களால் ஓடுவதுதான். 'தி இன்ஜின் இஸ் ரன்னிங்' என்றால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. ஆக, பாதிப் பொருள்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'ஓடு' பொருந்தாத இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. துவைக்கும்போது 'தி கலர்ஸ் ரேன்' என்றால் சாயம் இறங்கிவிட்டது.

படி 2: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. தமிழில் வண்டி ஓடும், ஆள் வண்டியை ஓட்டுவார். கூட்டம் நடக்கும், ஒருவர் அதை நடத்துவார். நாம் வினையையே மாற்றிவிடுகிறோம். ஆங்கிலமோ இரண்டுக்கும் 'ரன்' என்றே சொல்கிறது. அதனால் 'ரன்' முடிந்த உடனே ஒரு பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவர் பள்ளி நடத்துகிறார். 'ரன் தி ப்ரோக்ராம்' என்றால் நிரலை இயக்கு. 'ரன் எ டெஸ்ட்' என்றால் சோதனை செய்.

சில தொடர்கள் இதற்குள் அடங்காது. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிப்பது, யாரும் காய்ச்சலை நடத்துவதில்லை. இவற்றை அப்படியே தொடராகக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 3: ஒட்டி வரும் சின்னச் சொல்

அவுட், இன்டு, ஓவர், அவே போன்றவை கூட வந்தால் பொருள் அடியோடு மாறும். 'ரன் அவே' ஓடிப்போவது, 'ரன் ஓவர்' வண்டி ஏற்றிவிடுவது. இந்த இரண்டும் எளிது.

'ரன் இன்டு' கொஞ்சம் கவனிக்க வேண்டியது. 'ஐ ரேன் இன்டு எ ஃப்ரெண்ட்' என்றால் நண்பரைத் தற்செயலாகப் பார்த்தேன். 'தி கார் ரேன் இன்டு எ வால்' என்றால் கார் சுவரில் மோதியது. அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் இங்கே பொருளைத் தீர்மானிக்கிறது.

'ரன் அவுட் ஆஃப்' என்பது தீர்ந்துபோவது. தமிழில் 'பேப்பர் தீர்ந்துவிட்டது' என்கிறோம், எழுவாய் பேப்பர். ஆங்கிலத்தில் 'ஆஃப்' சேர்ந்தால் எழுவாய் நாம்: 'வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்'. கிரிக்கெட்டில் வரும் 'ரன் அவுட்' வேறு, அது ஆட்டமிழக்கும் ஒரு முறை.

படி 4: முன்னால் 'எ', 'தி' இருக்கிறதா?

இருந்தால் அது பெரும்பாலும் பெயர்ச்சொல். 'எ மார்னிங் ரன்' காலை ஓட்டம். 'இன் தி லாங் ரன்' என்றால் நாளடைவில்.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

'தி வெல் ஹாஸ் ரன் ட்ரை.' எழுவாய் கிணறு. 'ரன்' அடுத்து பெயர்ச்சொல் இல்லை, உலர்ந்த நிலையைச் சொல்லும் 'ட்ரை' இருக்கிறது. அதனால் கிணறு வற்றிவிட்டது என்று பொருள். சரி, இப்போது இதை முயன்று பாருங்கள்: 'வீ ஆர் ரன்னிங் லேட்.' யாரும் ஓட வேண்டியதில்லை, நமக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.