பேர்கனில் வீடு எடுக்க முன்: மலையின் எந்தப் பக்கம்?

வரைபடத்தை மட்டும் பார்த்து நோர்வேயின் பேர்கனில் வீடு தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஏழு மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக் கட்டிய ஊர் இது. விரல் அகலத் தூரத்தில் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு மலை நிற்கும், சுற்றித்தான் போகவேண்டும். தொலைவில் தெரியும் ஆர்னாவிலிருந்தோ உல்ரிக்கன் மலையைக் குடைந்து போகும் ரயில் எட்டு நிமிட அளவில் நகர மையத்தில் இறக்கிவிடும். ஆகவே எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதை விடுங்கள். எந்த ரயில் அல்லது பஸ் தடம், மலையின் எந்தப் பக்கம், நிறுத்தத்திலிருந்து எவ்வளவு ஏற்றம் என்று கேளுங்கள்.

முதலில் தடம். பீபானன் எனப்படும் நகர இலகு ரயிலுக்கு இரண்டு தடங்கள் உண்டு. முதலாவது 2010இல் நெஸ்துன்வரை ஓடத் தொடங்கி, 2017இல் ஃப்லெஸ்லான் விமான நிலையத்தை எட்டியது. மையத்திலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். கொக்ஸ்டா, சாண்ட்ஸ்லி பக்கத்து எண்ணெய், பொறியியல், கணினி நிறுவனங்களில் வேலை கிடைத்தவர்கள் இந்தத் தடத்திலேயே வீடு பார்ப்பது நல்லது. மாணவர் குடியிருப்புகளில் பெரியதான ஃபான்தொஃப்தும் இதே தடத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் தடம் 2022 நவம்பரில் திறந்தது. ஹௌகெலான் மருத்துவமனை வழியாக, லோவ்ஸ்டாக்கன் மலையைத் துளைத்துக்கொண்டு ஃபில்லிங்ஸ்டாலனுக்குப் போகிறது. அதற்கு முன்பு ஃபில்லிங்ஸ்டாலனிலிருந்து மருத்துவமனைக்குப் போவது நகரத்தைச் சுற்றும் பயணம். இன்று மருத்துவமனையில் தாதியாகவோ துப்புரவுப் பணியிலோ இருப்பவர்களுக்கு அதுபோல வசதியான இடம் வேறில்லை. அதே மலைக்குள் 2023இல் திறந்த, மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான நடை, சைக்கிள் சுரங்கமும் இருக்கிறது. மழை நாளில் நனையாமல் சைக்கிள் ஓட அது நல்ல வழி.

வடக்கே ஓசனவுக்கு இன்னும் ரயில் இல்லை. அங்கே அதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்கும், கடைத்தொகுதிகளும் அருகில். ஆனால் காலை நெரிசலில் பஸ்ஸோ காரோ நகருக்குள் நுழைய நேரம் எடுக்கும். தெற்கில் வேலை, வடக்கில் வீடு என்று மட்டும் அமைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கே லொட்டஃபியூருக்கும் பஸ்தான். அதைப் பற்றிச் சொல்லப்படும் பழைய கதைகளைக் காதில் வாங்காமல், ஒரு வார நாள் மாலையில் நேரில் போய் நடந்து பாருங்கள்.

மரவீடுகளின் அழகு

படங்களில் வரும் ப்ரிக்கன் துறைமுக வீடுகளைப் பார்த்துவிட்டுப் பலரும் மையத்தில்தான் இருப்பேன் என்கிறார்கள். 1702 தீக்குப் பின் எழுந்த அந்தக் கட்டடங்கள் 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. கடைகளும் பட்டறைகளும் அங்கே இருக்கின்றன, உங்களுக்கு வாடகைக்கு அல்ல. அதே மாதிரியான வெள்ளை மரவீடுகள் சான்ட்வீக்கன், நூர்ட்நேஸ், மார்க்கன் ஒழுங்கைகளில் கிடைக்கும். தனியாள் என்றால், அல்லது நீகோர்ஸ்ஹோய்டன் மேட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகவேண்டும் என்றால் எடுக்கலாம். குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு முதல் குளிர்காலத்தில் வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். பழைய சுவரில் சூடு நிற்காது, மின்கட்டணம் ஏறும். தரைப்பலகை வழியாக மேல்வீட்டுக்காரர் நடப்பது கேட்கும், உங்கள் தாளிப்பு அவருக்கு மணக்கும். கல் படிகளில் பனி உறைந்தால் குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கமுடியாது. குடியிருப்பாளர் தரிப்பிட அட்டை எடுத்தாலும் காருக்கு இடம் உறுதியில்லை. மரம் அடர்ந்த பகுதி என்பதால் தீ விதிகள் கடுமை. பல்கனியில் கரி அடுப்பு வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முதல் வீட்டுக்கு நாங்கள் சொல்வது ஓர்ஸ்டாட் வட்டாரத்தின் லாண்டோஸ், ஸ்லெத்தபாக்கன், இல்லையென்றால் ஃபில்லிங்ஸ்டாலன். ஐம்பது, அறுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகள் அங்கே நிறைய. பார்க்க அழகில்லைதான். ஆனால் சுவர் காய்ந்திருக்கும், துணி காயவைக்கப் பொது அறையும் கீழே களஞ்சிய அறையும் பெரும்பாலும் இருக்கும். லாண்டோஸ் உல்ரிக்கனின் மேற்குச் சரிவு, மாலை வெயில் கிடைக்கும். லோவ்ஸ்டாக்கனின் கிழக்குச் சரிவில் காலை வெயில்; பிற்பகலிலேயே மலை மறைத்துவிடும். குளிர்காலத்தில் சில இடங்களுக்கு வாரக்கணக்கில் நேர்வெயில் வராது. கோடையில் வீடு பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. பார்க்கப் போகும் இடத்தில் தென்திசையில் மலை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

டன்மார்க்ஸ் பிளாஸ் சந்தியை ஒட்டிய வீடுகளில் போக்குவரத்து வசதிக்குக் குறையில்லை. காற்றுதான் பிரச்சினை. குளிர்ந்து அசைவற்ற நாட்களில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்க, மேலே சூடான காற்று மூடிபோட்டதுபோல் அமர்ந்துவிடும். வாகனப் புகைக்கு வெளியேற வழியில்லை. 2010 ஜனவரியில் நிலைமை மோசமாகி, ஒற்றை எண் கார்கள் ஒரு நாள், இரட்டை எண் கார்கள் மறுநாள் என்று ஓடவேண்டி வந்தது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பெருவீதியிலிருந்து விலகி, சரிவில் கொஞ்சம் மேலே பாருங்கள்.

அதிக மேலேயும் போகாதீர்கள். 2005 செப்டெம்பரில் பெருமழையில் ஃபானாவின் ஹாட்லெஸ்டாட் தெராஸில் மண் சரிந்து மூவர் இறந்தார்கள். நீர்வள இயக்குநரகமான என்விஇயின் மண்சரிவு எச்சரிக்கை வரைபடம் இணையத்தில் இலவசம். வீதிப் பெயரைப் போட்டால் போதும்.

நிலக்கீழ் வீடுகள்

மலிவாகக் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் சொக்கல் வீடுகள். உரிமையாளர் மேலே இருப்பார், சரிவுக்குள் பாதி புதைந்த கீழ்த்தளம் உங்களுக்கு. ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் மண்ணோடு ஒட்டிய சுவர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாமே மோசமல்ல, நல்லதும் உண்டு. பிரித்தறிய வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். சன்னல்கள் அகலத் திறந்து, மெழுகுவர்த்தியும் கொளுத்தி வைத்திருந்தால் இன்னும் நன்றாக மோந்து பாருங்கள். மலைப்பக்கச் சுவரில் அலுமாரி நின்றால், அதன் பின்புறத்தைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளியும் உப்பு பூத்த வெண்மையும் ஈரத்தின் அடையாளம். குளியலறைக் காற்றாடியில் ஒரு தாள் துண்டை வையுங்கள், ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது. சமையல் புகைபோக்கி வெளியே ஊதுகிறதா, வெறும் கரி வடிகட்டியா என்று கேளுங்கள். நாம் தினமும் சோறு அவித்து, தாளித்து, ஹீற்றருக்கு மேல் துணி காயப்போடுவோம். அந்த நீராவி போக வழியில்லை என்றால் குளிர்ந்த மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு உரிமையாளர் உங்கள் மேல் பழி போடுவார். குடிபுகும் நாளில் எல்லா மூலைகளையும் படம் எடுத்து அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

படுக்கையறைச் சன்னல் தீ மூண்டால் வெளியேறும் வழி. திறப்பு குறைந்தது 50 சென்ரிமீற்றர் அகலமும் 60 உயரமும் இருக்கவேண்டும், இரண்டும் சேர்ந்து 150க்குக் குறையக்கூடாது. பொருள் வைக்கும் அறையைப் படுக்கையறை என்று விளம்பரம் செய்வதுண்டு. "நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்ற அறையா" என்று எழுத்தில் கேளுங்கள். நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ராடனை அளவிட்ட அறிக்கையையும் கேளுங்கள். வாடகை வீட்டில் ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல்தான் உச்ச எல்லை.

வீட்டு எண்ணும் பேசும். எச், யூ, கே, எல் என்ற எழுத்துகளில் ஒன்றோடு நான்கு இலக்கம். எச் முதன்மைத் தளம், யூ கீழ்த்தளம், கே நிலவறை, எல் கூரைத்தளம். தனி எண்ணே இல்லை என்றால் அது தனி வீடாகப் பதியப்படவில்லை என்று சந்தேகியுங்கள்.

ஒப்பந்தம்

வைப்புப்பணம் ஆறு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. மூன்று மாதம்தான் வழக்கம். அது உங்கள் பெயரில், தனி வைப்புக் கணக்கில் வங்கியில் கிடக்கவேண்டும். உரிமையாளரின் கணக்குக்குப் போகக்கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவி தபாலில் வரும்" என்பவர் மோசடிக்காரர். காலவரையுள்ள ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு. உரிமையாளர் குடியிருக்கும் அதே வீட்டின் சொக்கல் அல்லது கூரைத்தளம் என்றால் ஓராண்டு போதும். வாடகையைச் சாதாரணமாக ஆண்டுக்கு ஒருமுறை, விலைவாசிச் சுட்டெண் அளவுக்கு, ஒரு மாத எழுத்து அறிவித்தலோடு கூட்டலாம். மின்சாரம் வாடகைக்குள் அடக்கமா என்பதை வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள், ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுக்குமாடிகளில் பல கூட்டுறவு வீடுகள். அங்கே ஒரு பங்காளர் தன் வீட்டை வாடகைக்கு விட நிர்வாகக் குழுவின் சம்மதம் வேண்டும், பொதுவாக மூன்று ஆண்டுவரைதான். சம்மதக் கடிதத்தைப் பார்க்காமல் கையொப்பம் வைத்தால், பிள்ளை பள்ளிக்குப் பழகிய நேரத்தில் வெளியேற நேரும்.

பள்ளி முகவரியைப் பொறுத்தது. அருகிலுள்ள பள்ளியில் இடம் உண்டு. பாலர் பள்ளி அப்படியல்ல. ஆகஸ்டில் தொடங்க மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வருபவர்களுக்குக் காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே. அது மலையின் மறுபக்கமாகவும் இருக்கலாம், எனவே முடிந்தால் காலியிடத்தைக் கேட்டறிந்தபின் வீட்டை முடிவு செய்யுங்கள்.

குடிபுகுந்து எட்டு நாளுக்குள் மக்கள் பதிவேட்டுக்கு முகவரி மாற்றத்தை அறிவியுங்கள். அடுக்குமாடி என்றால் அந்த வீட்டு எண்ணையும் கேட்பார்கள். தபால் பெட்டியில் வீட்டிலுள்ள எல்லாப் பெரியவர்களின் பெயரையும் முழுதாக ஒட்டுங்கள். பெயரில்லாத பெட்டியில் கடிதம் போடமாட்டார்கள். வங்கி அட்டையும் வரி அலுவலகக் கடிதமும் அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும்.